தகப்பன் ஊர்: ஹவுகெட்டோ

"தங்கச்சி, நீர் எந்த ஊர்?"

அப்போது எனக்குப் பதினொரு வயது. தமிழர் விளையாட்டு விழாவில் சிற்றுண்டிக் கடைமுன் ரோல்ஸ் வாங்க வரிசையில் நின்றேன். கேட்டவர் மஞ்சள் தொப்பி போட்ட ஒரு மாமா. நான் "ஹவுகெட்டோ" என்றேன். நான் பிறந்தது, நடந்தது, பல் விழுந்தது எல்லாம் நோர்வேயில், ஒஸ்லோவின் அந்த ஓரத்தில்தான். எனக்கு வேறு பதில் தெரியாது.

"கேட்டீங்களே, ஹவுகெட்டோவாம்! பிள்ளை, அது ரயில் நிக்கிற இடமெல்லோ. நான் கேட்டது ஊர்."

வரிசை முழுவதும் சிரித்தது. பிறகு அப்பாவின் தீவைச் சொன்னேன். "அப்பிடிச் சொல்லும்" என்று தலையைத் தடவினார். கண்ணால் காணாத ஓர் இடத்தின் பெயரைச் சொன்னால் தலையைத் தடவுவார்கள், தினமும் நடக்கிற தெருவின் பெயரைச் சொன்னால் சிரிப்பார்கள். அரசியலில் நான் படித்த முதல் பாடம் அது. மற்றப் பாடங்களை முடிக்கவில்லை. பதினேழு வயதில் வாய்மொழிப் பரீட்சை நாளன்று பாடசாலை வாசல்வரை போய்த் திரும்பி வந்தேன். பிறகு போகவேயில்லை. ஆட்கள் முன்னால் எனக்கு வாய் திறக்காது. எழுதும் கொப்பியில் மட்டும் திறக்கும்.

எனக்குப் பதினைந்து வயதானபோது அப்பா நகரத்துக்கு வெளியே லோறென்ஸ்கூக்கில் வீடு வாங்கினார். எங்கள் ஆட்கள் எல்லாரும் அங்கே வாங்கினார்கள், அதனால் நாங்களும் வாங்கினோம். நாலு வருடம் கழித்து, இந்த ஆனி மாதம், ஒஸ்லோ சென்ட்ரலில் ரயில் மாறி ஹவுகெட்டோவில் இறங்கினேன். ஊர் திரும்புதல் என்று பெரியவர்கள் கண் கலங்கச் சொல்வார்களே, அதை நான் பயண அட்டையைத் தட்டி முடித்துவிட்டேன்.

ஊர் மாறித்தான் இருந்தது. எங்கள் மாடிக் குடியிருப்பின் பல்கனிகளுக்கெல்லாம் கண்ணாடி போட்டிருந்தார்கள். யாரும் யாரையும் கூப்பிட முடியாது. முழங்காலின் தோலை வாங்கிக்கொண்ட, சரளைக்கல் நிறைந்த பழைய கிறவல் மைதானம் செயற்கைப் புல்லாகியிருந்தது. சுற்றிவர உயரமான கம்பிவலை, வாசலில் பூட்டு. கைபேசியில் பதிவு செய்தால்தான் திறக்கும்.

கிறவல் காலத்தில் எங்களுக்கு இரண்டே அணி: மேல்மாடிக்காரர், கீழ்மாடிக்காரர். தமிழ், சோமாலி, பாகிஸ்தானி, நோர்வேக்கார நொஸ்க், எல்லாம் கலந்து. நான் அப்போதும் விளையாடவில்லை. ஓரத்தில் கல்லில் இருந்து யார் எத்தனை கோல் என்று எழுதினேன். இரசிகை என்றால் அதுதான். ஐந்தாம் மாடி மேரின் ஒரு கோடையில் அறுபத்திரண்டு கோல் அடித்தாள். ஆதாரம் என்னிடம் இருக்கிறது.

இந்த வருடம் அதே மைதானத்தில் எங்கள் ஆட்களின் கிண்ணப் போட்டி. ஒவ்வோர் அணிக்கும் இலங்கையில் ஓர் ஊரின் அல்லது ஒரு பகுதியின் பெயர். விதி ஒன்றே ஒன்று: தகப்பன் எந்த ஊரோ, பிள்ளை அந்த அணி. கூட விளையாடி வளர்ந்த பிள்ளைகள் விளையாட்டு விழாவன்று மட்டும் பிரிந்து, தாங்கள் போயறியாத ஊர்களுக்காக ஒருவர் காலை ஒருவர் உதைப்பார்கள். மேல்மாடிக்கும் கீழ்மாடிக்கும் இடையிலிருந்த பகை இதைவிட நேர்மையானது. அங்கே இரண்டு பேருக்கும் மாடி இருந்தது.

முந்தி ஒரு கிண்ணம்தான். ஒரு வருடம் எந்தக் கொடியை முதலில் ஏற்றுவது என்று சண்டை வந்து குழு இரண்டாகியது. இப்போது தனித்தனி நாளில் இரண்டு கிண்ணம், இரண்டு பிரதம விருந்தினர். உதைபந்தாட்டத்தில் தோற்றவன் தோற்றேன் என்று வீட்டுக்குப் போவான், பலகையில் எண் இருக்கிறது. அரசியலில் இரண்டு பேரும் வென்றேன் என்று அறிக்கை விடுவார்கள், இரண்டு பேருக்கும் மாலை விழும்.

அப்பாவின் தீவும் அயல் தீவுகளும் சேர்ந்தது எங்கள் தீவக அணி. அதன் ஊர்ச் சங்கத் தலைவர் சிவானந்தன் மாமா. அடுத்த வருடம் நகரசபைத் தேர்தல் வருகிறது, மாமா நிற்கிறார். போன தேர்தலில் வேறு கட்சி. ஒரு விளையாட்டுக்காரன் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தால் பழைய இரசிகர்கள் ஊளையிடுவார்கள். மாமா மாற்றியபோது பொன்னாடை போர்த்தினார்கள். செத்தவீடோ பிறந்தநாளோ, எந்தப் பேச்சையும் அவர் ஒரே இடத்தில்தான் முடிப்பார்: "வாக்குச் சீட்டில என்ர பேருக்குப் பக்கத்தில ஒரு புள்ளடி. வேற ஒண்டும் வேண்டாம்."

நான் வந்தது மாமாவுக்காக இல்லை, மேரினுக்காக.

மேரினின் அம்மா புளோறன்ஸ் அன்ரி மன்னாரில் பிறந்தவர். அப்பா ஒய்விண்ட் வெள்ளைக்காரர், ஹவுகெட்டோவிலேயே பிறந்தவர். அந்தக் கிறவல் மைதானத்தில் குளிர்காலத்தில் குழாய் பிடித்துத் தண்ணீர் அடித்து, பிள்ளைகள் சறுக்குவதற்குப் பனித்தளம் ஆக்கியவர் அவர்தான். மேரின் எங்களைவிட நல்ல தமிழ் கதைப்பாள். ஆனால் தகப்பன் விதிப்படி அவளுக்கு அணி இல்லை. ஒவ்வொரு வருடமும், எந்த மைதானம் என்றாலும், கம்பிவலைக்கு வெளியே நின்று மற்றவர்களுக்குத் தண்ணீர்ப் போத்தல் கொடுப்பாள்.

இந்த வருடம் எங்கள் அணித்தலைவி தர்மினியக்கா, என் பெரியப்பாவின் மகள், அவளைக் கூப்பிட்டாள். முன்வரிசையில் ஓட ஆள் இல்லை. "பேரைப் போடுவம், ஆர் பாக்கப் போகினம்?" என்றாள். மேரின் சித்திரை மாதத்திலிருந்து ஒரு பயிற்சியையும் விடவில்லை. முதல் நாள் அணிச்சட்டையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் எடுத்த படத்தை எனக்கு அனுப்பினாள். கீழே எழுதியிருந்தாள்: "இனி நானும் உள்ளுக்கை."

படிவத்தை நிரப்பியது நான். தமிழில் திருத்தமாக எழுதத் தெரிந்தவள் என்று பெரியப்பா வீட்டில் எனக்குக் கிடைக்கும் ஒரே மரியாதை அது. பெயர், பிறந்த திகதி, தகப்பன் ஊர். மேரினின் வரியில் ஏதாவது ஒரு தீவை எழுதியிருக்கலாம். தர்மினியக்கா அதைத்தான் எதிர்பார்த்தாள். நான் "ஹவுகெட்டோ" என்று எழுதினேன். அது உண்மை. உண்மையை எழுதுவதற்கு வாய் தேவைப்படவில்லை.

கையெழுத்து வைக்க வந்த மாமா அந்த வரியில் விரலை வைத்தார். தர்மினியக்கா குசினியில் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தாள். மேசையில் நாங்கள் இருவர் மட்டும்.

"உது ஆர், ஒய்விண்டின்ர பெட்டையோ? ஹவுகெட்டோவாம்." குலுங்கிச் சிரித்தார். "பரவாயில்லை பிள்ளை, எங்களுக்கு கோல்தானே வேணும்." கையெழுத்தைப் போட்டார். அன்றைக்கே மேரினுக்கு அதைச் சொன்னேன். சிரிப்பையும் சேர்த்துத்தான்.

போட்டி நாள் நல்ல வெயில். பிரதம விருந்தினர் மாமாவின் கட்சியில் பெரிய இடத்தில் இருக்கும் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. யாரோ அவருக்குப் பொட்டு வைத்துவிட்டிருந்தார்கள். மாமா ஒலிவாங்கியைப் பிடித்து நொஸ்க் மொழியில் பேசினார். இங்கே எல்லோருக்கும் இடம் உண்டு என்றார். யாரையும் நீ எங்கிருந்து வந்தாய் என்று கேட்காத நோர்வேதான் தன் கனவு என்றார். பிறகு தமிழுக்கு மாறி, தீவக அணி வலப்பக்கம், கிழக்கு அணி இடப்பக்கம், ஊர்க் கொடிகளோடு வந்து நிற்கவும் என்றார். இரண்டு பேச்சுக்கும் இடையில் ஒரு மிடறு தண்ணீர் குடித்தார், அவ்வளவுதான்.

முதல் இரண்டு ஆட்டத்திலும் சேர்த்து மேரின் ஐந்து கோல் அடித்தாள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கிண்ணம் கிடைக்கும்போல் இருக்கிறது என்று தெரிந்ததும் தீவு ஆட்கள் அவளைத் தத்தெடுத்துவிட்டார்கள். "எங்கட பெட்டையின்ர ஓட்டத்தைப் பாருங்கோவன்" என்றார் ஒருவர். அரையிறுதி கிழக்கு அணியோடு. இரண்டுக்கு ஒன்று. இரண்டும் மேரின். இரண்டாவதை மூன்று பேரைத் தாண்டிப்போய் இடக்காலால் அடித்தாள். நான் என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பொது இடத்தில் கத்தினேன். பக்கத்தில் ஒய்விண்ட் ரோல்ஸைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு துள்ளினார்.

விசில் ஊதியவுடனே கிழக்கு அணிப் பொறுப்பாளர் ரதீஸ் அண்ணா நடுவர் மேசைக்கு வந்தார். அங்கே படிவங்களோடு இருந்தது நான்.

"தங்கச்சி, அந்த ஒன்பதாம் நம்பரின்ர தகப்பன் எந்தத் தீவு?"

நான் படிவங்களை ஒழுங்காக அடுக்கத் தொடங்கினேன். அவரே படிவத்தை இழுத்துப் பார்த்தார். "ஹவுகெட்டோ! சிவானந்தண்ணை, எப்பவிருந்து உங்கட தீவுக்கு ரயில் விடுறியள்?"

கூட்டம் சேர்ந்தது. தீவார் கத்தினார்கள், கிழக்கார் கத்தினார்கள். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் "எங்கட பெட்டை" என்றவர், "உந்த வெள்ளையின்ர பிள்ளையை ஆர் சேர்த்தது?" என்று கேட்டார். அவருக்கு வெட்கம் வரவில்லை. அவருக்கும் சேர்த்து நான் வெட்கப்பட்டேன்.

"என்ர அப்பா இஞ்சை பிறந்தவர்" என்றாள் மேரின். மூச்சு இன்னும் அடங்கவில்லை. "இந்த மைதானத்துக்குப் பக்கத்திலை. தகப்பன்ர ஊர்தானே கேட்டனியள்? இதுதான் ஊர். நீங்கள் எல்லாரும் இப்ப அதிலைதான் நிக்கிறியள்."

"பிள்ளை, பெரியாக்கள் கதைக்கேக்கை குறுக்கை வராதையும்" என்றார் ஒருவர்.

மாமா படிவத்தைக் கையில் வாங்கினார். முதலில் தீவார் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று பார்த்தார். பிறகு கிழக்கார் எத்தனை பேர் என்று பார்த்தார். இரண்டு பக்கமும் வாக்கு இருந்தது. பிரதம விருந்தினரைப் பார்த்து ஒரு புன்னகை விட்டார்.

"நான் கையெழுத்து வைக்கேக்கை இந்தப் பேர் இதிலை இல்லை" என்றார். "பிறகு ஆரோ சேர்த்திருக்கினம்."

ஆரோ என்றால் யார்? எல்லாக் கண்ணும் மேரின் மேல் போனது. ஒரு நொடியில் அவள் களவாக உள்ளே வந்தவள் ஆகிவிட்டாள். தர்மினியக்கா சப்பாத்து நூலைக் குனிந்து கட்டத் தொடங்கினாள். அது ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது.

மேரின் என்னைப் பார்த்தாள். "மிது, நீ சொல்லு. அவர் பாத்துச் சிரிச்சிட்டுத்தானே வைச்சவர்? நீயெல்லோ எனக்குச் சொன்னனீ."

"ஓம், சொல்லும் பிள்ளை" என்றார் மாமாவும். மிக மென்மையாகத்தான் சொன்னார். வாக்குக் கேட்டு வாசல் வாசலாக ஏறி இறங்குபவருக்கு, யார் வாய் திறப்பார், யார் திறக்கமாட்டார் என்று தெரியாதா?

சொல்ல வேண்டியது ஒரு வரி. பார்த்தீர்கள், சிரித்தீர்கள், வைத்தீர்கள். அதை நான் ஏற்கெனவே சித்திரை மாதக் கொப்பியில் எழுதி வைத்திருந்தேன், அவருடைய சிரிப்பில் வயிறு எப்படிக் குலுங்கியது என்பது உட்பட. இந்தக் கூட்டத்தில் நான் கிழித்துத் தொங்கவிடாத ஓர் ஆளும் இல்லை. எல்லாம் தாளில். இப்போது முப்பது நாற்பது முகங்கள் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றன.

"வடிவா ஞாபகமில்லை" என்றேன்.

அதைச் சொல்ல மட்டும் குரல் வந்தது.

மாமா உடனே ஒலிவாங்கியை எடுத்தார், இந்த முறை தமிழில் மட்டும். ஒற்றுமை காக்கும் தீர்ப்பு என்றார். இளையோரின் தவறைப் பெரியவர்கள் மன்னிக்க வேண்டும் என்றார். அரையிறுதி முடிவு அப்படியே நிற்கும், தீவாருக்குச் சந்தோசம். ஒன்பதாம் இலக்கம் இறுதி ஆட்டத்தில் இறங்காது, கிழக்காருக்குச் சந்தோசம். அவள் அடித்த கோல் செல்லும், அவள் செல்லமாட்டாள். "ஹவுகெட்டோவைச் சேர்ந்த மேரினின் திறமையையும் இவ்விடத்தில் பாராட்டுகிறோம்" என்று முடித்தார். இரண்டு பக்கமும் கைதட்டியது. பிரதம விருந்தினர் தட்டினார். தன் ஊரின் பெயரும் மகளின் பெயரும் மட்டும் விளங்கிய ஒய்விண்ட், இரண்டு கையையும் உயர்த்தி எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினார்.

மேரின் அணிச்சட்டையைக் கழற்றினாள். உள்ளே போட்டிருந்த வெள்ளைப் பனியன் முதுகோடு ஒட்டியிருந்தது. சட்டையை எனக்கு முன்னால், படிவத்தின் மேல் வைத்தாள். என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நல்லது என்றுகூட நினைத்தேன். அவள் திரும்பி, இறுதி ஆட்டத்துக்கு வரிசையில் நின்ற இரண்டு அணிகளுக்கும் நடுவால் மைதானத்தைக் கடந்தாள். தகப்பன் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதற்கும் நிற்காமல், கம்பிவலைக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.