பதினெட்டு இஞ்ச் சக்கரங்கள்

காரின் சக்கரங்களை அவள் மாற்றிய வாரமே அந்தச் சத்தம் கேட்டது. முதலில் கேட்டவன் அவள் கணவன். வானொலி நிலையத்தில் ஒலிப்பதிவு வேலை பார்ப்பவன். காதுதான் அவனுக்குச் சோறு போடுகிறது. பெட்ரோல் பங்க்கிலிருந்து கார் இடப்பக்கம் ஒடித்துத் திரும்பியபோது, ஏதோ பேசிக்கொண்டிருந்தவன் சட்டென்று நிறுத்தினான்.

"ரேடியோவ அணை."

"ரேடியோ ஓடவே இல்லையே."

"அப்ப இது என்ன? சீப்ப சுவத்துல தேய்க்கிற மாதிரி?"

"கல்லு ஏதாவது மாட்டியிருக்கும்" என்றாள்.

அவள் கட்டட வரைபட அலுவலகத்தில் வேலை செய்தாள். மில்லிமீட்டர் பிசகினால் கதவு மூடாது என்று கூட இருப்பவர்களிடம் எரிந்து விழுகிறவள். பல வருடம் ஆசைப்பட்டு வாங்கிய கார் அது. சிவப்பு நிறம், ஆள் சின்னது, எஞ்சின் பெரியது. ஆக்சிலேட்டரைத் தொட்டாலே வாலை மிதித்த பூனை மாதிரி பாயும். கம்பெனி கொடுத்த பதினாறு இஞ்ச் சக்கரங்களில் டயர் தேய்ந்துவிட்டது என்று கடைக்குப் போனாள். கடைக்காரரை அந்த வட்டாரமே 'காத்து' என்றுதான் கூப்பிடும்.

"மேடம், இந்த வண்டிக்குப் பதினாறு போடுறது, கோட்டு சூட்டு போட்டுட்டு ரப்பர் செருப்பு மாட்டுற மாதிரி" என்றார் காத்து. "பதினெட்டு போடுங்க. இருநூத்தி இருபத்தஞ்சு, நாப்பது. தெருவே திரும்பிப் பாக்கும்."

தெரு திரும்பிப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கும் உள்ளுக்குள் இருந்தது. ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டவில்லை. டயரின் அகலம் இருநூற்று இருபத்தைந்து மில்லிமீட்டர், பக்கச்சுவர் அதில் நாற்பது சதவீதம் என்று கணக்குப் போட்டாள். பழைய சக்கரத்தைவிட மொத்த உயரம் பதினாறு மில்லிமீட்டர்தான் கூடுகிறது. மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் ஸ்கேலை விட்டு அளந்தாள். இடம் இருந்தது. பழைய சக்கரங்களைக் காத்துவிடமே கொடுத்துவிட்டு, புது மாப்பிள்ளை மாதிரி நின்ற காரை எடுத்துக்கொண்டு வந்தாள்.

பங்க்கிலிருந்து வீட்டுக்கு வந்ததும் ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி வைத்துவிட்டு, முன் டயரின் வெளி விளிம்பைக் கையால் தடவினாள். கத்தியால் சீவிய மாதிரி ஒரு கோடு. விரல் நுனியில் கரும்பொடி. அப்போதுதான் உறைத்தது: அவள் அளந்தபோது கார் காலியாக நின்றது, சக்கரங்கள் நேராக இருந்தன. ஆள் ஏறினால் எவ்வளவு அமுங்கும், திருப்பினால் எங்கே போய் இடிக்கும் என்று அவள் யோசிக்கவே இல்லை. போதாததற்குப் புது ரிம் பழையதைவிட வெளியே தள்ளி உட்கார்ந்திருந்தது. அதை ஆஃப்செட் என்பார்கள். அதைப் பற்றிக் காத்துவும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

வேறு வாரமாக இருந்தால் தலையில் அடித்துக்கொண்டு விட்டிருப்பாள். ஆனால் மறுநாள் அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வர வேண்டும். முதுகுத்தண்டில் ஆபரேஷன். "குலுங்கக் கூடாது, அது ஒண்ணுதான் முக்கியம்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆம்புலன்ஸ் என்றாலே அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அதுல வந்து இறங்கினா, ஊரே துக்கம் கேக்க வந்துடும். நான் என் பொண்ணு வண்டியிலதான் வருவேன்."

பொண்ணு வண்டியில் இப்போது டயரின் பக்கச்சுவர் நாலு விரல் உயரத்துக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். சாலையில் கிடக்கும் குச்சிகூட இடுப்பில் வந்து குத்தியது. அதோடு இந்த உரசல். வழியில் டயர் கிழிந்து வெடித்தால்? அப்பா முன் சீட்டில் சாய்ந்திருக்கும்போது? அதற்கு மேல் அவளால் நினைக்க முடியவில்லை.

காத்துவின் கடைக்கு ஓடினாள்.

"புது டயர் அப்படித்தான் மேடம். ஓட ஓடப் பழகிடும்."

"டயர் பழகுமா? அது என்ன நாய்க்குட்டியா? என் பழைய சக்கரத்தைக் கொடுங்க."

காத்து பின்மண்டையைச் சொறிந்தார். "அது போயிடுச்சே. டிரைவிங் ஸ்கூல் நடத்துற அம்மா, பிரேக் அக்கா, அவங்க வாங்கி, புது டயர் போட்டு மாட்டிட்டாங்க. புதுசு வரவழைக்கணும்னா அடுத்த வாரம் ஆகும்."

பிரேக் அக்காவை அவளுக்குக் குரலால் தெரியும். காலை வேளைகளில் 'பிரேக்கு! பிரேக்கு!' என்று நாலு தெருவுக்குக் கேட்கும். நேரே அவர் வீட்டுக்குப் போனாள். வாசலிலேயே அவர் கார் நின்றிருந்தது. அதே கம்பெனி, அதே உருவம். எஞ்சின் மட்டும் சாது. அதன் கால்களில் தன் சக்கரங்களைப் பார்த்ததும் ஓடிப்போய்க் கதவைத் தட்டினாள்.

"அக்கா, ஒரே ஒரு நாளைக்கு மாத்திக்கலாமா? நாளைக்குச் சாயங்காலமே திருப்பிக் கொடுத்துடறேன்" என்று விஷயத்தைக் கொட்டினாள்.

பிரேக் அக்கா இடுப்பில் கைவைத்து அவளை மேலும் கீழும் பார்த்தார். "கழட்ட மாட்டேன்."

"அக்கா..."

"உன் பதினெட்ட என் வண்டியில மாட்டி, எங்கிட்டப் படிக்கிற புள்ளைங்க உசுர வாங்கவா? சக்கரம் எதுக்கும்மா? வண்டியோட நானே வரேன். உங்கப்பாவ நான் கூட்டிட்டு வரேன். என்னைவிட மெதுவா ஓட்ட இந்த ஊர்ல ஆள் கிடையாது."

மறுநாள் அப்பாவைத் தலையணைகளோடு, பாதி படுத்த வாக்கில் முன் சீட்டில் ஏற்றினார்கள். கூரையில் 'பயிற்சி வாகனம்' பலகை. அப்பா அதை அண்ணாந்து பார்த்துவிட்டு மகளைப் பார்த்தார்.

"யாரும்மா பயிற்சி எடுக்கறா? நானா, இவங்களா?"

"பேசாம வாங்கப்பா."

அம்மா பின் சீட்டில் ஏறிக்கொண்டாள். மகளும் மருமகனும் சிவப்புக் காரில் பின்னால் வந்தார்கள், வேறு எந்த வண்டியும் நெருங்காமல் காவலுக்கு. நத்தை முந்திவிடும் வேகம். பின்னால் வந்தவர்களெல்லாம் ஹாரனால் திட்டினார்கள். திருப்பத்துக்குத் திருப்பம் அவளுடைய டயர் சீவியது. ஒவ்வொரு சீவலுக்கும் கணவன் பல்லைக் கடித்தான். அவள் கண் மட்டும் முன்னால் தெரிந்த தலையணையை விட்டு நகரவில்லை.

மேம்பாலத்தின் நடுவில், ஒரு காரணமும் இல்லாமல், பிரேக் அக்காவின் கார் நின்றது.

அவளுக்குக் கதவைத் திறந்தது, ஓடியது எதுவும் நினைவில்லை. முன் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, "அப்பா! அப்பா, என்ன ஆச்சு?" என்றாள்.

அப்பா திருட்டு முழி முழித்தார். "இந்தப் பக்கமும் ஒரு பிரேக் இருக்குதும்மா. லாரி ஒண்ணு கிட்ட வந்துச்சு. பயத்துல கால வச்சுட்டேன்."

பிரேக் அக்கா தலையில் கைவைத்தார். "ஐயோ, வாத்தியார் சீட்டு பிரேக்க மறந்தே போயிட்டேன்." அப்புறம் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "எத்தனையோ பேருக்கு நான் பிரேக் போட்டிருக்கேன். எனக்கே போட்ட முதல் ஆளு நீங்கதான் ஐயா."

"முதுகு? முதுகு வலிக்குதாப்பா?"

"வலிக்கல. நீ அழாத. பின்னாடி எல்லாரும் பாக்கறாங்க."

அவள் அழுதுகொண்டிருப்பது அவர் சொன்ன பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. அப்பாவின் காலைத் தூக்கி, பெடலுக்கு எட்டாத இடத்தில் ஒரு தலையணைமேல் வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள். மீதி வழியெல்லாம் ஸ்டியரிங் அவள் கையில் ஈரமாக இருந்தது.

அப்பா கட்டிலில் பத்திரமாகப் படுத்துத் தூங்கிய பிறகு, கடைக்குப் போய்ப் பதினெட்டைக் கழற்றச் சொன்னாள். காத்து அன்றுதான் வந்திறங்கிய பதினேழு இஞ்சில் இருநூற்றுப் பதினைந்து, நாற்பத்தைந்து காட்டினார். இந்தத் தடவை அவள் ஸ்கேலை நம்பவில்லை. ரிம் உட்காரும் ஆழம் கம்பெனி ரிம்மோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்தாள். மாட்டி முடித்ததும் கணவனை முன்னாலும், காத்துவையும் அவர் மச்சானையும் பின்னாலும் திணித்து, ஊரிலேயே மோசமான வேகத்தடைக்குக் கூட்டிப் போனாள்.

"மேடம், எனக்குக் கடையில ஆள் இல்ல" என்றார் காத்து, தலை கூரையில் இடிக்க.

"உரசுதா?"

"இல்ல மேடம்."

"இன்னொரு தடவ பாத்துடலாம்" என்று வண்டியைத் திருப்பினாள்.

அடுத்த மாதம் அப்பாவை டாக்டரிடம் காட்டத் தன் சிவப்புக் காரில் கூட்டிப் போனாள். தெருவில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டியபடி ஓட்டினாள். அப்பாவிடமிருந்து பேச்சே இல்லை. பயந்துபோய் எட்டிப் பார்த்தாள். வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்.