தெற்கே பார்த்த கீசரும் வடக்கே திரும்பிய வீடும்

க்வாமந்துலியில், எங்கள் தெருவில், மாபெலேயின் வீடு ஆகஸ்ட் மாதக் குளிரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை முதன்முதலாகத் திரும்பியது. அதே வாரம்தான் ரொட்டி விலை இருபது ரேண்டுக்கு ஏறியது. தெருவில் ரொட்டியைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். வீடு திரும்பினால் யார் வயிற்றிலும் ஒன்றும் குறைவதில்லையே.

நடந்ததை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். பக்கத்துக் குடியிருப்புக்காரர்கள் இதை வேறு மாதிரி சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அதில் பாதி பொய், மீதி பொறாமை. எங்களுடையவை அரசாங்கம் கட்டிக்கொடுத்த வீடுகள், எல்லாம் ஒரே அச்சு, தெருவின் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கும். மின்சாரம் நினைத்தபோது போய் நினைத்தபோது வந்துகொண்டிருந்த வருஷங்களில், வெயிலிலேயே தண்ணீர் காயும் கீசரை வீட்டுக்கு ஒன்று இலவசமாகத் தருவதாகச் சொன்னார்கள், தந்தும்விட்டார்கள். மேலே ஒரு தொட்டி, அதற்குக் கீழே சீப்புப் பல் மாதிரி வரிசையாகக் கண்ணாடிக் குழாய்கள். எங்கள் நாடு பூமியின் தென்பாதியில் இருக்கிறது, சூரியன் வடக்கு வானத்தில்தான் போகும். அது கோழிக்குக்கூடத் தெரியும். ஆனால் மாட்ட வந்த ஒப்பந்தக்காரருக்கு, வேலை முடிந்ததற்குச் சாட்சியாக, தெருவில் நின்றபடியே எல்லா வீட்டையும் போட்டோ எடுத்தாக வேண்டியிருந்தது. அதனால் எல்லா வீட்டுக்கும் தெருப்பக்கத்துக் கூரையிலேயே மாட்டிவிட்டுப் போய்விட்டார். தென்வரிசை வீடுகளுக்குத் தெருப்பக்கம் என்பது வடக்கு. அங்கே தண்ணீர் கோழியின் இறகு பிடுங்கும் சூட்டில் வந்தது. வடவரிசைக்குத் தெருப்பக்கம் தெற்கு; தொட்டி நாள் முழுக்க நிழலில் கிடந்தது. வடவரிசை ஆண்கள் அதில் பீர் பாட்டிலைக் குளிரவைக்கலாமா என்று கொஞ்ச நாள் யோசித்தார்கள். பிறகு ஏணியில் ஏறச் சோம்பல்பட்டு அதையும் விட்டுவிட்டார்கள்.

மாபெலேயின் வீடு வடவரிசை. பள்ளிக்கூடச் சமையலறையில் பகல் முழுக்கக் குளிர்ந்த தண்ணீரில் கை வைத்து வேலை செய்பவள். ஆகஸ்ட் வந்தால் முழங்கால் இரண்டும் பூட்டிக்கொள்ளும். கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். மகள் ஸோலேகா சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் வேலையில் இருந்தாள். தினம் விடிந்ததும் மாபெலே குழாயைத் திறந்து பார்ப்பாள், பிறகு சுவரைத் திட்டுவாள். எதிர்வரிசையில் ஆவி பறக்கக் குளிக்கிறவர்களின் பாட்டுச் சத்தம் வேறு அவள் காதில் விழும். அந்தச் செவ்வாய்க்கிழமை திட்டித் திட்டித் தொண்டை கட்டிப்போய், சுவரில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு, குளிர் காலத்தில் போர்வையைத் தன் பக்கமே இழுத்துக்கொண்டு படுக்கும் கணவரிடம் எப்படிக் கேட்பாளோ அப்படியே, அவருடைய குலப்பெயர்களைச் சொல்லிக் கேட்டுவிட்டாள்.

"ஸிஸி, ஜாமா காசிஜாடு, ஃபகாடே… கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பக் கூடாதாப்பா?"

அதுதான் தப்பாகிப்போயிற்று. எங்களில் ஒருவரை அவருடைய குலப்பெயர்களை அடுக்கிச் சொல்லிக் கேட்டுவிட்டால், கேட்கப்பட்டவர் மறுக்க வழியே இல்லை. முகம் இளகி, தோள் இளகி, கேட்டதைக் கொடுத்துவிட்டுத்தான் அந்த இடத்தைவிட்டு நகர்வார். அதனால் அதை மனிதர்களிடம் மட்டும், அதுவும் யோசித்துத்தான் சொல்வோம். சுவரிடம் யாரும் சொல்வதில்லை. வீடோ இறந்துபோன கணவர் பெயரில் இருந்தது. தன்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்துக்கொண்டது போலிருக்கிறது. ஒரு பெருமூச்சு விட்டு, அடுப்பின் மேலிருந்த கெட்டில்கூட ஆடாமல், சூரியன் பக்கம் திரும்பியது.

அன்றிலிருந்து அதுதான் வழக்கம். விடியும்போது வாசல் கிழக்கே, உச்சி வேளையில் வடக்கே, சாயங்காலம் மேற்கே; இருட்டியதும் வந்த வழியே திரும்பி வந்து தெருவைப் பார்த்து நின்றுகொள்ளும். பகலெல்லாம் முறுக்கிக்கொள்ளும் தண்ணீர்க் குழாய் ராத்திரியில் தானாகப் பிரிந்துவிடும். நகராட்சி ஆள் ஒருவர் வந்து, வீடு கால் வட்டம் போகும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். இது தன்னுடைய பிரிவில் வராது என்று சொல்லிவிட்டுப் போனார். வடவரிசைக்காரர்கள் வாளியோடு வந்து வரிசையில் நின்றார்கள். பின்வீட்டு மம்டோலோவுக்கு மட்டும்தான் வருத்தம். யாரும் பார்க்காத இடம் என்று இத்தனை வருஷம் உள்பாவாடைகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்த கொடிக்கு நேரே, தினம் மத்தியானம் ஒரு வாசல் வந்து நின்றது.

"ஏண்டி மாபெலே, உன் வீட்டுக்கு வெட்கமே கிடையாதா?" என்று அவள் கேட்டாள்.

"உன் துணியைப் பார்க்கவா அது வருது? வெயிலுக்கு வருது. வாளியை எடுத்துட்டு வா, சுடுதண்ணி தரேன்," என்றாள் மாபெலே. மம்டோலோ அரை நாள் கோபமாக இருந்துவிட்டு வாளியோடு வந்தாள்.

இப்படி எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஸோலேகாவைப் பெண் கேட்டு வருவதாகச் செய்தி வந்தது. மாப்பிள்ளை மோன்டே, டாக்ஸி ஓட்டுகிறவன், பொறுமைசாலி. ஸோலேகாவுக்கு அவன் மேல் உயிர். ஆனால் சம்பந்தம் பேச மாப்பிள்ளை வரமாட்டான், அவன் பெரியப்பா வெலிலேதான் மூன்று பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு வருவார். ம்பிங்கா குலத்து மனிதர். மரியாதை ஒரு இம்மி குறைந்தாலும் எழுந்து போய்விடுவார் என்று ஊரெல்லாம் பேர். ஒரு வீட்டில் தேநீர் ஆறிப்போயிருந்தது என்று எழுந்து போனவர். பெண் பக்கம் பேச அப்பா வழியில் ஆள் இல்லாததால் தாய்மாமன் புலேலானி வந்து உட்கார்ந்திருந்தான். அவனுக்கும் ஒரு பேர் உண்டு: பெண் கேட்டு வருபவர்களை வாசலில் காக்க வைப்பது எங்கள் முறை, அதை அவன் அளவுக்கு ரசித்துச் செய்தவர் யாரும் இல்லை. ஸோலேகாவை இதற்கு முன் கேட்டு வந்தவர்கள் அப்படிக் காத்துக் காத்து, கால் வலித்து, திரும்பிப் போனவர்கள்தான். அதன் பிறகு பல வருஷம் யாரும் வரவில்லை.

"அம்மா, இந்த ஒரு சனிக்கிழமை மட்டும் வீட்டை சும்மா நிக்கச் சொல்லும்மா," என்று ஸோலேகா கெஞ்சினாள். "இவங்களும் போயிட்டா இனிமே எனக்கு யாரும் வேண்டாம். சொல்லிட்டேன்."

மாபெலே சுவரைத் தடவிக்கொடுத்துச் சொல்லிப் பார்த்தாள். ஆனால் குலப்பெயர் சொல்லிக் கேட்டதைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் முறை எங்களிடம் கிடையாது. அப்படி ஒரு அவசியம் இதுவரை வந்ததில்லை. புலேலானி அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தன்னுடைய பழைய வேனில் வீட்டைக் கயிறு போட்டுக் கட்டி, சக்கரத்துக்குச் செங்கல் வைத்து, "இப்போ எப்படித் திரும்புதுன்னு பார்ப்போம்," என்றான்.

சனிக்கிழமை சூரியன் வருவதற்கு முன்பே நான்கு பேரும் கோட்டும் தொப்பியும் கைத்தடியுமாக வந்து வெளிக்கதவுக்கு அருகில் நின்றார்கள். வாசல் அவர்களுக்கு நேரே இருந்தது. உள்ளேயிருந்து ஒருவர் வந்து, நீங்கள் யார், என்ன வேண்டும் என்று கேட்கும்வரை அவர்கள் நின்ற இடத்தைவிட்டு அசையக் கூடாது. புலேலானி ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்துவிட்டு, "நிக்கட்டும், பொண்ணோட அருமை தெரியட்டும்," என்று சொல்லிவிட்டுச் சோள ரொட்டி சாப்பிட உட்கார்ந்தான். வெளியே காற்று தோலை உரித்துக்கொண்டிருந்தது. வெயில் வந்தது. வீடும் கிளம்பியது. வேனும் செங்கலை உருட்டித் தள்ளிவிட்டு, கட்டிய மாடு மாதிரி பின்னாலேயே போயிற்று.

வெலிலே தன் வாழ்நாளில் பலவிதமான அவமரியாதைகளைப் பார்த்திருக்கிறார். ஆனால் ஒரு வீடு முதலில் முகத்தைத் திருப்பி, பிறகு தோளைக் காட்டி, கடைசியில், உச்சி நெருங்கும்போது, முழு முதுகையும் காட்டியதை அன்றுதான் பார்த்தார். முறைப்படி அசையாமல் நின்றார். வாய் மட்டும் அசைந்தது. "பாத்துக்கோங்கப்பா. ஒரு வேனை வேற கட்டி இழுத்துக்கிட்டுப் போறாங்க. எங்க சனத்துக்கு முதுகைக் காட்டுறாங்க." அதே நேரத்தில் புலேலானி ஆற அமரச் சாப்பிட்டு முடித்து, ஏப்பம் விட்டு, மறுபடி திரையை விலக்கினான். ஜன்னலும் வீட்டோடு போயிருந்தது அவன் நினைவிலேயே இல்லை. வெளிக்கதவு இருக்க வேண்டிய இடத்தில் மம்டோலோவின் உள்பாவாடைகள்தான் ஆடிக்கொண்டிருந்தன.

"போயிட்டாங்க அக்கா," என்றான் புலேலானி. "ஒரு காலைப் பொழுது நிக்க முடியல. இவங்களெல்லாம் பொண்ணு கேட்டு வந்துட்டாங்க."

மாபெலே அடுப்பின் முன்னால் பொத்தென்று உட்கார்ந்தாள். முறைப்படி வெளியில் தலைகாட்டாமல் பின்னறையில் அடைபட்டிருந்த ஸோலேகாவுக்கும் அது கேட்டது. அழலாம் என்று ஜன்னலோரம் போனாள். பின்னறை ஜன்னல் இப்போது தெருவைப் பார்த்து இருந்தது. நேரே, கை எட்டும் தூரத்தில், நான்கு பேர் நின்றார்கள். அவர்களில் உயரமானவர், மூக்கு நீலம் பாரித்து, கிளம்புவதற்குக் கைத்தடியைத் தரையிலிருந்து தூக்கிவிட்டார்.

பேசக் கூடாது. கூப்பிடக் கூடாது. பெண் வாய் திறந்தால் அதைச் சொல்லியே போய்விடுவார்கள். ஸோலேகா குளியலறைக்கு ஓடினாள். அந்த நேரம் தொட்டி நல்ல வெயில் குடித்திருந்தது. பெரிய பேசின் நிறைய ஆவி பறக்கத் தண்ணீர் பிடித்து, தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, ஜன்னலைத் திறந்து, முகத்தைச் சால்வையில் மறைத்தபடி பேசினை வெளியே நீட்டினாள். விருந்தாளிக்குக் கை கழுவத் தண்ணீர் நீட்டினால், சாப்பிட வாருங்கள் என்று அர்த்தம். கை கழுவியவர் சாப்பிடாமல் போனால் அவமரியாதை செய்தவர் அவர்தான்.

வெலிலே பேசினைப் பார்த்தார். ஜன்னல் வழியாகத் தண்ணீர் நீட்டுவது எந்த முறையிலும் இல்லை. ஆனால் ஆவி அவர் முகத்தில் பட்டது. விரல்கள் அவரைக் கேட்காமலே நடந்துபோய் உள்ளே இறங்கிவிட்டன. மற்ற மூவரும் இருமிக் காட்டினார்கள், அவர் நகரவில்லை.

"இது எந்த அடுப்புல காய்ச்சினது மகளே?"

ஸோலேகா பேசாமல் ஒரு விரலை மேலே காட்டினாள். அவர் கூரையைப் பார்த்தார், சூரியனைப் பார்த்தார், வீட்டின் முதுகைப் பார்த்தார், வேனைப் பார்த்தார். புத்திசாலி மனிதர், புரிந்துகொண்டார். "இன்னொரு பேசின் கொண்டா. காலும் மரத்துப்போச்சு," என்றார்.

பிறகு நால்வரும் சுவரைப் பிடித்துக்கொண்டு சுற்றிப்போய், மம்டோலோவின் முற்றம் வழியாக, தொப்பியைக் கழற்றி உள்பாவாடைகளுக்குக் கீழே குனிந்து, வாசலைக் கண்டுபிடித்தார்கள். கதவைத் திறந்த புலேலானி அவர்களையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் பார்த்து முடிப்பதற்குள் பாதிப் பேரம் முடிந்துவிட்டது. பெண்ணுக்காக அவர்கள் தர வேண்டிய மாடுகள் பற்றிய பேச்சு இழுத்துக்கொண்டு போய், வாசல் மேற்கே வரும்போது முடிந்தது. எழுந்திருக்கும்போது வெலிலே தயங்கி, எங்கள் வீடும் வடவரிசைதான், பெண்ணுக்கு அந்த வித்தை தெரியுமா என்று கேட்டார். மாபெலே சிரித்தாள். "வித்தை ஒண்ணும் இல்ல ம்பிங்கா. உங்க குலப்பெயரைச் சொல்லிக் கேட்கணும், அவ்வளவுதான். ஆனா அதுல உங்க பெரியவங்க பேரெல்லாம் வருமே. நான் பழகினவ, சொல்லிட்டேன்; புதுசா வந்த மருமக அதை வாயால சொல்லலாமா? வீட்டு ஆம்பளைதான் கேட்கணும்." அதனால்தான் இன்றைக்கும், ஊரையே நடுங்க வைத்த அந்த மனிதர், விடியற்காலையில் இடுப்பில் துண்டோடு முற்றத்தில் நின்று தன் வீட்டுச் சுவரைக் கெஞ்சிக்கொண்டிருக்கிறார். அந்த வீட்டுக்கு அவரைப் போலவே வீம்பு. ஒரு வாரம் கெஞ்சிய பிறகுதான் திரும்பியது என்கிறார்கள்.

கல்யாணம் முடிந்து ஸோலேகாவை அழைத்துப்போன நாளையும் சொல்லிவிட வேண்டும். பெண்ணைக் கொண்டுபோய் விடுகிற கூட்டத்தோடு அம்மா போகும் வழக்கம் இல்லை. நல்ல உச்சி வெயில். வண்டிகள் தெருவில் நின்றன, பெண்கள் பாடிக்கொண்டிருந்தார்கள், தெருவே அங்கேதான் இருந்தது. மாபெலே வாசலில் நின்றிருந்தாள், ஆனால் வாசல் வடக்கே, மம்டோலோவின் வெறும் கொடியைப் பார்த்து இருந்தது. சுற்றிப்போகக் காலை எடுத்து வைத்தாள். காலையிலிருந்து நின்றுகொண்டே சமைத்த முழங்கால்கள் இரண்டும் பூட்டிக்கொண்டன. நிலையைப் பிடித்துக்கொண்டு, ஹார்ன் சத்தத்தைக் கேட்டபடி நின்றாள். யாரையும் கூப்பிடவில்லை. குலப்பெயர் எதுவும் சொல்லவில்லை.

வீடு திரும்பியது. உச்சி வெயிலை விட்டுவிட்டு, வேகமாக, தட்டு முட்டுச் சாமான்கள் உருள, அது தெருப்பக்கம் வந்து நின்றது. வண்டி அப்போதுதான் கிளம்பியது. ஸோலேகா பின்கண்ணாடி வழியாக அம்மாவைப் பார்த்துக் கை ஆட்டினாள். மாபெலே வண்டி முனை திரும்பும்வரை கை ஆட்டினாள், திரும்பிய பிறகும் ஆட்டினாள். வீடு அன்று மறுபடி சூரியன் பக்கம் போகவில்லை. இருட்டும்வரை தெருவையே பார்த்துக்கொண்டு நின்றது.

சாயங்காலம் குழாயில் பச்சைத் தண்ணீர்தான் வந்தது. மாபெலே அதிலேயே குளித்தாள். சுவரை ஒரு வார்த்தை திட்டவில்லை.