குரோமியத்தில்தான் போடுவேன்

மிரான் மடிக்கணினியைச் சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே இழுத்து வைத்து, இரண்டும் ஒரே படத்தில் தெரியும்படி செல்போனில் எடுத்தாள். முதல் படம் ஆடிப்போயிருந்தது. இரண்டாவதில் எல்லாம் தெளிவு. மணி 2.52. திரையில், குரோமியம் உலாவிக்குள் சிவப்பு எழுத்து: ‘இந்த உலாவிக்கு அனுமதி இல்லை. குரோமில் வரவும்.’

விட்டத்தில் பதித்த ஒலிபெருக்கி கனைத்தது. குடியிருப்பு நிர்வாக அலுவலர் மா கிதேக்கின் குரல் அத்தனை வீட்டுக் கூடங்களுக்குள்ளும் ஒரே நேரத்தில் இறங்கியது. வாசலுக்குத் தானியங்கிக் கதவும் கேமராவும் வேண்டுமா என்ற இணைய வாக்கெடுப்பு நான்கு மணிக்கு முடிகிறதாம். கணினி வராதவர்கள் அலுவலகத்துக்கு வந்து போடலாமாம். கதவு வந்தால் ஆறு காவலாளிகளும் இந்த டிசம்பரோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. அலுவலகத்தில் ஓட்டுப் போட உட்கார்ந்தால் நாற்காலிக்குப் பின்னாலேயே அவர் நிற்பார் என்பதையும் சொல்லவில்லை. போன முறை அப்படி நின்றதில், மிரானின் 103ஆம் கட்டிடத்துப் பெரியவர்கள் பாதிப் பேர் வாசலோடு திரும்பிவிட்டார்கள்.

சோபாவில் ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்த கொழுந்தன் தோசிக்குக்குக் கணினி நிறுவனத்தில் வேலை. அண்ணியின் இலவச லினக்ஸ் மென்பொருள் பைத்தியம் அவனுக்குப் பத்து வருடப் பழைய நகைச்சுவை.

“அண்ணி, குரோமியம், குரோம் ரெண்டும் ஒரே வயித்துப் பிள்ளைங்க. கம்பெனிச் சட்டை போட்டா குரோம், போடலைன்னா குரோமியம். இறக்கி வைக்க ரெண்டு நிமிஷம். இதுக்கா இவ்வளவு வீம்பு?”

“ஒரே வயித்துப் பிள்ளைன்னா ஒண்ணை மட்டும் எதுக்குடா வாசல்ல நிறுத்துறான்?”

ஃபயர்ஃபாக்ஸ் உலாவியில் போனாலும் இதே சிவப்பு எழுத்துதான். அதையும் படம் எடுத்து வைத்திருந்தாள். அலுவலக எண்ணை அழுத்தினாள்.

மா முதலில் தேனாகப் பேசினார். கீழே வாருங்கள், காப்பி கொடுத்து, நானே பக்கத்தில் இருந்து போட வைக்கிறேன் என்றார். மிரான் குடியிருப்பு விதிப் புத்தகத்தைப் பிரித்து முப்பத்தோராம் விதியை நிறுத்தி நிதானமாகப் படித்தாள். இணைய வாக்கெடுப்பில் நுழைய முயன்று தடுக்கப்பட்ட வீடு மூன்று மணிக்குள் கேட்டால், ஓட்டுப்பெட்டி அந்த வீட்டு வாசலுக்கு வர வேண்டும். அப்படி ஒரு கட்டிடத்துக்குள் பெட்டி வந்துவிட்டால், அங்கே கேட்கிற ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அது நிற்க வேண்டும்.

மறுமுனையில் தேன் வற்றிப்போனது.

“ஏன் மேடம், உங்ககிட்ட குரோம் இல்லையா?”

“எந்த உலாவியில போடணும்னு விதியில எங்க சார் எழுதியிருக்கு? நான் குரோமியத்துலதான் போடுவேன். ஒண்ணு, அதை உள்ள விடுங்க. இல்ல, பெட்டியைத் தூக்கிட்டு மேல வாங்க.”

“பத்தொன்பதாவது மாடிக்கா?”

“லிஃப்ட் நல்லா ஓடுது சார்.”

மூன்றே காலுக்குப் பெட்டி வந்தது. தேர்தல் குழுப் பெண்கள் இருவர் அதைப் பிடித்திருக்க, பின்னால் மா கழுத்துப்பட்டையைத் தளர்த்தியபடி வந்தார். மிரான் சீட்டை மடித்துப் போட அரை நிமிடம் ஆகவில்லை. மா லிஃப்ட் பொத்தானுக்குக் கை நீட்டும்போதே எதிர் வீட்டுக் கதவு திறந்தது. கைத்தடியோடு நின்றார் கம் அம்மாள்.

“எனக்கும் ஒரு சீட்டு குடுப்பா. ரெண்டு மணியிலேர்ந்து கோட்டை மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன்.”

மா திரும்பி மிரானைப் பார்த்தார். மிரான் லிஃப்டைப் பார்த்தாள்.

பதினெட்டாம் மாடியில் இரண்டு கதவுகள் திறந்தே இருந்தன. பதினாறில் ஒரு கிழவர் வாசலில் ஸ்டூல் போட்டுக் காத்திருந்தார். மா மணியைப் பார்ப்பதும் நெற்றியைத் துடைப்பதுமாக இறங்கினார். தரைத்தளம் வரும்போது நான்கடிக்க மூன்று நிமிடம் இருந்தது. பெட்டிக்குள் முப்பத்தேழு சீட்டுகள்.

எல்லோர் முன்னாலும் எண்ணினார்கள். இணையத்தில் மட்டும் பார்த்தால் கதவு ஜெயித்திருந்தது. சீட்டுகளைச் சேர்த்ததும் பதினான்கு ஓட்டில் தோற்றது. ஆறு காவலாளிகளும் இருப்பார்கள். மா முடிவுத் தாளில் கையெழுத்துப் போட்டார்.

மிரான் மேலே வந்தபோது தோசிக் அவளுடைய மடிக்கணினி முன்னால் உட்கார்ந்திருந்தான். அண்ணிக்கு உதவியாக இருக்கட்டும் என்று குரோமை இறக்கி வைக்கப் போனானாம். பாதி உரித்த ஆரஞ்சு கையிலேயே இருந்தது.

“அண்ணி, இதுல குரோம் ஏற்கெனவே இருக்கே?”

“இருக்கு,” என்றாள் மிரான், கோட்டைக் கழற்றியபடி. “காலையில ஒம்பது மணிக்கே அதுல போய்ப் பார்த்துட்டேன். ஓட்டுப் பக்கம் ஒரே தட்டுல திறந்துச்சு. அப்படியே மூடி வச்சுட்டேன்.”