ஷட்டரைத் தூக்க நாலு பேர்

என் வீட்டுக்காரர் நடத்துவது பூட்டும் தாழ்ப்பாளும் விற்கிற கடை. ஆனால் கொஞ்ச நாளாக அங்கே விலைபோவதெல்லாம் உபதேசம்தான். சர்க்கரை வந்ததும் இனிப்பை விட்டார். சரி, நல்லது. அதோடு நின்றாரா? பருப்பு, முட்டை, பால் எல்லாவற்றுக்கும் கும்பிடு போட்டுவிட்டார். மூன்று வேளையும் வெள்ளரிக்காய்!

"சர்க்கரை கட்டுக்குள்ள இருக்கு. ஆனா உடம்புல சதை கரையுது. பருப்பு, முட்டை எல்லாம் சாப்பிடுங்க" என்றார் டாக்டர். இந்த மனுஷன் காதில் முதல் பாதி மட்டும் விழுந்தது. பெல்ட்டில் புது ஓட்டை போட்டுப் போட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் இடுப்பைக் காட்டினார். தையல்காரர், செருப்புக்கடைக்காரர், ஓய்வுபெற்ற வாத்தியார் என்று மூன்று சர்க்கரைக்காரர்கள் சீடர்களாகவும் சேர்ந்தார்கள்.

அப்போதுதான் கடை ஷட்டர் கனக்க ஆரம்பித்தது. "துரு ஏறிடுச்சு" என்று தினமும் எண்ணெய் விட்டார். சமையலுக்கு அவர் வாங்கித் தராத எண்ணெயை ஷட்டர் குடித்தது.

நேற்றுக் காலை பாதி தூக்கினார். நான் குனிந்து உள்ளே போனேன். அவர் கை நழுவ, ஷட்டர் தடாலென்று இறங்கிவிட்டது.

"பயப்படாத, நாங்க இருக்கோம்!" என்று வெளியே ஒரே வீராப்பு. சத்தம் கேட்டு ஓடிவந்த மூன்று சீடர்களும் அவருமாக நான்கு பேரும் சேர்ந்து முக்கினார்கள். அசைந்தால்தானே!

"ஸ்பிரிங் போயிடுச்சு" என்றார் தையல்காரர்.

"நான் மூணு கிலோ குறைச்சிருக்கேன்" என்றார் வாத்தியார். அங்கேயும் பெருமை!

நான் டிபன் டப்பாவைத் திறந்து அவித்த முட்டை ஒன்றைச் சாவகாசமாகத் தின்றேன். பிறகு உள்ளிருந்து ஒரே தூக்கு. ஷட்டர் விருட்டென்று மேலே போனது. சீடர்களுக்குத் திடீரென்று அவரவர் வேலை ஞாபகம் வந்தது.

நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கலாம் என்று வெளியே வந்தேன். அவர் படியில் உட்கார்ந்திருந்தார். எழப் பார்த்தார். முடியவில்லை. மறுபடியும் பார்த்தார். தொடை நடுங்கியது.

"கால் வரமாட்டேங்குது" என்றார்.

மேல்கையைப் பிடித்துத் தூக்கினேன். என் விரல்களுக்குள் அந்தக் கை அடங்கிவிட்டது. இந்தக் கைதான் முன்பு இரும்புப் பெட்டியைத் தனியாக நகர்த்தியது.

ஸ்டூலில் உட்காரவைத்து மீதி முட்டையை நீட்டினேன். தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார்.

"அந்த ஷட்டரைக் கொஞ்சம் இறக்கு. யாராவது பாத்துடப் போறாங்க."

"இறக்குறேன். அப்புறம் யாரு தூக்குறது?"

"நீதான்" என்றார், வாய் நிறைய முட்டையோடு.