அடைத்த ஒழுக்கு

வாய்க்கால் கரை ஒழுகுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க ஜெயசிங்கத்தால் முடியாது. யாழ்ப்பாணத்தில் வெங்காயப் பாத்திகளுக்குத் தண்ணி திருப்பிவிட்ட கை அது. டென்மார்க்கில் ஸ்கீவ நகரப் பக்கத்து இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்தே வயது போன பிறகும் அந்தக் குணம் போகவில்லை.

அவருடைய தோட்டத்தைச் சுற்றி வெறும் மணல் வெளி. எவ்வளவு மழை பெய்தாலும் மறுநாள் காய்ந்துவிடும். அதற்கு நடுவே ஆற்றுத் தண்ணீரை மீன் குளங்களுக்குக் கொண்டுபோகும் பழைய வாய்க்கால். அதன் ஒரு கரையில் கொம்யூன் என்கிற ஊர்ச்சபை வாடகைக்குக் கொடுத்த துண்டுக் காணியில் வெங்காயம் நட்டிருந்தார். மறுகரை கசிந்து கசிந்து, கீழே ஒரு சதுப்பு உண்டாகியிருந்தது. அதிலுள்ள சின்ன மேடுகளில் வசந்தத்தில் ஆக்காட்டிப் பறவைகள் முட்டையிடும்.

இந்த வசந்தம் மழையே இல்லை. வாய்க்காலில் தண்ணீர் இறங்கிவிட்டது. வெங்காயத் தாள் நுனி கருகியது. ஜெயசிங்கம் களிமண்ணையும் காய்ந்த புல்லையும் குழைத்து, கசிவு வாயில் திணித்து, காலால் மிதித்து இறுக்கினார்.

தேநீர் கொண்டுவந்த மனைவி தேவமலர் கேட்டாள். "கொம்யூனைக் கேட்டனீங்களோ?"

"கேட்டால் கூட்டம் வைப்பாங்கள். கூட்டம் முடிய வெங்காயம் செத்துப்போம்."

வாய்க்காலில் தண்ணீர் ஏறியது. சதுப்பு வற்றியது.

சில நாளில் எமிலியா வந்தாள். தூரக்கண்ணாடியும் கையுமாகப் பறவைகளை எண்ணித் திரிகிற பெண். இவள் கொம்யூன் அனுப்பிய உளவாளி என்பது ஜெயசிங்கத்தின் முடிவு.

"தண்ணி வத்திப்போச்சு," என்றாள் டேனிஷில். "மேடுகளுக்கு நரி நடந்தே போகுது. பாதிக் கூட்டை முடிச்சிட்டுது. என்ன நடந்தது எண்டு தெரியுமா?"

"எனக்கென்ன தெரியும். வெயில்."

அவள் கீழே இறங்கிப் போனதும் தேவமலர் மெல்லச் சொன்னாள். "திறந்து விடுங்கோ, இஞ்சேருங்கோ."

"கரையில கை வைச்சால் காணி போகுமெண்டு அந்த வாடகை ஒப்பந்தத்தை வாசிச்சுச் சொன்னது ஆர்? நீதானே. அவள் போகட்டும், பிறகு திறக்கிறன்."

"அவள் போகட்டும். நரி நிக்குமோ?"

கீழே போன எமிலியாவின் தலைக்கு மேலே ஆக்காட்டிகள் சுழன்று கத்தின. பட்டப்பகலிலேயே நரி சதுப்பின் ஓரத்துக்கு வந்து, ஈரச் சேற்றில் ஒரு காலை வைத்துப் பார்த்தது. எமிலியா கைதட்டிக்கொண்டு ஓடினாள். நரி கொஞ்சம் விலகி உட்கார்ந்துகொண்டது. அதற்கு அவசரம் ஒன்றுமில்லை.

"சனியன்," என்றார் ஜெயசிங்கம். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மறுகரைக்குப் போனார்.

அவர் இறுக்கிய மண் லேசில் விடவில்லை. வெட்ட வெட்டப் புல்லும் களியுமாக வந்தது. நிமிர்ந்தபோது எமிலியா பக்கத்தில் நின்றாள். மண்ணுக்குள் இருந்த புல்லைப் பார்த்தாள். அவரையும் பார்த்தாள்.

"இது உன்ர வேலையா?"

"ஓம். தண்ணி அங்க போய்ச் சேரட்டும். அதுக்குப் பிறகு கொம்யூனுக்குச் சொல்லு."

"சொல்லத்தான் வேணும்," என்றாள் அவள். "நான் பறவை எண்ணுறதே அவங்களுக்குத்தான். அடைச்சது நீ, திறந்து விட்டதும் நீதான் எண்டு சேர்த்துச் சொல்லுவன்."

குழையாமல் நேரே சொன்னது அவருக்குப் பிடித்தது. அவள் முழந்தாளிட்டுக் கட்டி மண்ணைக் கையால் இழுத்துப் போட்டாள். தண்ணீர் முதலில் கலங்கி, பிறகு தெளிந்து இறங்கியது. மணல் குடித்தது போக மிச்சம் மெதுவாக மேடுகளைச் சுற்றி வளைத்தது. பின்னேரம் ஒரு ஆக்காட்டி இறங்கி, அங்குமிங்கும் நடந்து, தன் முட்டைமேல் உட்கார்ந்தது. நரி எழும்பிப் போய்விட்டது.

மறுநாள் காலை ஜெயசிங்கம் வெங்காயத்தைப் பிடுங்கத் தொடங்கினார்.

"இன்னும் விளையேல்லையே," என்றாள் தேவமலர்.

"அவங்கள் காணியைப் பறிக்க முன்னம் தாளையாவது தின்னுவம். அவளுக்கும் ஒரு பிடி கட்டி வை."