கோட்டுக்கு இந்தப் பக்கம்

சூசைதாசனுக்கு எல்லாம் தெரியும். பலேர்மோத் தமிழ்ப் பங்கின் யாத்திரைக் குழுத் தலைவர் அல்லவா, தெரியாமல் இருந்தால்தான் அதிசயம். ஞாயிறு பூசை முடிந்ததும் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு முழங்கினார்.

"வத்திக்கான் எண்டது வேறை நாடு. தனிக் கொடி, தனி முத்திரை, தனிப் படை. பெர்மெஸ்ஸோ கையிலை இல்லாத ஆக்கள் இத்தாலியை விட்டுக் கால் எடுத்து வைச்சால் திரும்பி வரேலாது. பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது."

அற்புதமலர் கைப்பையைத் திறந்து பார்த்தாள். பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கக் கொடுத்துவிட்டு வெறும் ரசீதுத் துண்டோடு திரிபவள் அவள். சொந்த ஊரான பேசாலையில் தம்பி றோபேட் மீன்பிடிப் படகோடு காணாமல் போனபோது, அவன் உயிரோடு கரை சேர்ந்தால் வத்திக்கானிலுள்ள பேதுருவானவரின் கல்லறையில் முழந்தாளிடுவதாக நேர்ந்திருந்தாள். பேதுருவும் வலை இழுத்தவர்தானே, கடற்காரரின் கஷ்டம் தெரியும் என்று நம்பினாள். தம்பி வந்துவிட்டான். நேர்த்தி இன்னும் தீரவில்லை.

"நீங்களும் வாங்கோ அக்கா. எல்லைக்கோட்டுக்கு இஞ்சாலை நிண்டு கும்பிடலாம்" என்றார் சூசைதாசன், பெரிய மனது பண்ணி.

நாப்போலிக்குக் கப்பல், அங்கிருந்து உரோமைக்குப் பேருந்து. பேராலய முற்றத்தில் தரையில் வெள்ளையாக ஒரு கோடு கிடந்தது. அதுதான் எல்லையாம். அவளை அதற்கு இந்தப் பக்கம் நிறுத்தி, எல்லாருடைய பைகளையும் காலடியில் குவித்தார்கள்.

"பெரிய பையள் கோயிலுக்குள்ளை விடமாட்டாங்கள். நீங்கள் சும்மாதானே நிக்கிறியள், பாத்துக்கொள்ளுங்கோ" என்று தன் பெட்டியையும் வைத்துவிட்டுப் போனார் தலைவர்.

அந்தப் பயங்கர எல்லையை முதலில் ஒரு நாய் கடந்தது. பிறகு ஐஸ்கிரீமும் கையுமாக ஒரு சிறுமி, அங்கும் இங்கும் துள்ளி நாலைந்து தரம் நாடு மாறினாள். அற்புதமலர் பக்கத்தில் நின்ற பொலிஸ்காரனிடம் ரசீதை இரண்டு கையாலும் நீட்டினாள். அவன் அதைப் பார்க்கவேயில்லை.

"இதெல்லாம் வேண்டாம் சிஞ்ஞோரா. வரிசை நீளம், கெதியாகப் போங்கள்."

அவளுக்குக் கோபம் உச்சியில் ஏறியது. இடியப்பப் பொதிக்கும் துவாய்க்கும் காவல் வேண்டுமென்று அந்த மனுசன் ஒரு தேசத்தையே பூட்டி வைத்திருக்கிறார்! விசுவாசத்தைப் பற்றி ஓயாமல் பேசுகிற வாய். பைகளைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுக் கோட்டைத் தாண்டினாள்.

கல்லறைக்கு முன்னால் முழந்தாளிட்டபோது ஒரு செபமும் வாயில் வரவில்லை. அழுகைதான் வந்தது. அழுது முடித்து எழுந்தாள்.

திரும்பி வந்தால், பைகளைச் சுற்றிப் பொலிஸ் நாடா கட்டியிருந்தது. ஆளில்லாத பைக்குவியலைப் பார்த்து யாருக்குத்தான் சந்தேகம் வராது? நடுவில் சூசைதாசன் குந்தியிருந்து ஒவ்வொன்றாகத் திறந்து காட்டிக்கொண்டிருந்தார். சம்பல் போத்தலை ஒரு பொலிஸ்காரன் மோந்து பார்த்துத் தும்மினான். அடையாளப் பத்திரம் கேட்டார்கள். தலைவர் சட்டைப்பையைத் தடவினார், காற்சட்டையைத் தடவினார். எல்லாம் விடுதி அறையில். யாரோ ஓடிப்போய் எடுத்துவரும்வரை அவரை அசைய விடவில்லை. அவள்மீது சீறினார்.

பலேர்மோத் துறைமுகத்தில் இறங்கியபோது அவருடைய மனைவி கிளறா காத்து நின்றாள். குழு முழுவதும் சுற்றி நிற்க, ஆவலோடு கேட்டாள்.

"அக்கா, உங்களை உள்ளுக்கை விட்டவங்களோ?"

"ஓம் பிள்ளை. என்னட்டை ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை. எங்கடை கூட்டத்திலை அவங்கள் காகிதம் கேட்டது உம்மடை மனுசனிட்டை மட்டுந்தான். அவரிட்டை ஒரு துண்டும் இருக்கேல்லை."