ரெஜி போட்ட பூட்டு

விடியற்காலை மழையில் எட்டுக் கைகள் காரின் முதுகில் அழுந்தின.

"தள்ளுங்க மக்கா! இன்னும் ஒரு தம்!" ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தாசம்மாள் கத்தினாள்.

கார் சேற்றில் வழுக்கி, இருமி, குலுங்கி, உயிர் பிடித்தது. தள்ளிய நான்கு டிரைவர்களும் மூச்சு வாங்கியபடி அடுத்த காருக்குப் போனார்கள்.

"நாம டாக்ஸி ஓட்ட வந்தவனுவளா, தேர் இழுக்க வந்தவனுவளா?" என்றார் மூத்தவர் சிவதாணு.

தம்பானூர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்த அந்த ஷெட்டில் தினமும் இதே கதைதான். முதலாளி ரெஜி பெட்ரோல் பங்கில் போடுவதை நிறுத்திவிட்டார். எங்கிருந்தோ டிரம்களில் வரும் மலிவு எரிபொருளைத் தன் கையாலேயே ஊற்றினார். அதில் பெரும்பாகம் எத்தனால். அதற்கென்று செய்த வண்டிகளுக்கு அது சரி. இவை பழைய பெட்ரோல் கார்கள். காலையில் கிளம்பாது, ஏற்றத்தில் இழுக்காது, ரப்பர் குழாய்கள் ஊறி வெடித்தன. டிரைவர்கள் வேறு எதுவும் ஊற்றிவிடாதபடி டாங்க் மூடிகளைப் பூட்டி, அந்தச் சாவிகளை, ஊர்ப்பேச்சில் தாக்கோல்களை, கொத்தாக இடுப்பில் செருகிக்கொண்டார். கார்க் கதவுகளில் பச்சை இலை ஒட்டி, 'இயற்கையின் தோழன்' என்று எழுதவும் மறக்கவில்லை.

மூலையில் ஒரு கார் கருகி நின்றது. போன வாரம் போனக்காடு ஏற்றத்தில் அது திணறி நின்றதும் ஷைஜு பானட்டைத் திறந்தான். குழாயில் கசிந்தது பற்றிக்கொண்டது. வெயிலில் தீ சரியாகத் தெரியவில்லை; கைத்தோல் சுருங்கியபோதுதான் அலறினான். பின்னால் வந்த தாசம்மாள்தான் மண்ணை அள்ளி வீசி அவனை இழுத்துப் போட்டாள்.

குடையோடு வந்தார் ரெஜி.

"தாசம்மே, இப்போ இன்ஷூரன்ஸ் சார் வரும். ஷைஜு பீடி வலிச்சோண்டு பானட் தொறந்தான்னு சொல்லணும், கேட்டோ."

"அவன் பீடி வலிச்சா எங்க பாஸ்டர் சாராயம் வடிப்பாரு மொதலாளி."

"தமாஷ் வேண்டா. பொம்பளைக்கு வண்டி கொடுக்கிற வேற மொதலாளி இந்த ஊர்ல உண்டோ?"

இல்லை. கிழக்கேகோட்டை முதல் பாறசாலை வரை கேட்டு அலுத்தவள் அவள். இந்த ஸ்டியரிங் போனால் மகளின் படிப்பும் வாடகை வீடும் போகும். பீடி என்று சொன்னாலோ, வெந்த கைகளோடு ஷைஜு தெருவில் நிற்பான். டாங்க் மூடிக்குப் போட்ட பூட்டு தன் வாய்க்கும் விழுந்ததுபோல் இருந்தது அவளுக்கு.

அதிகாரி வந்தார். கைகளில் கட்டோடு ஷைஜுவும் வந்து வாசலோரம் நின்றான்.

"நீங்க நேர்ல பாத்தீங்களாம்மா?"

ரெஜியின் இடுப்பில் தாக்கோல்கள் கிலுங்கின.

"பீடி இல்ல சாரே. வண்டிக்கு ஒத்துவராத எண்ணெய். அதான் காரணம்."

"நான் ஊத்தினது சுத்தப் பெட்ரோல்!" ரெஜி பாய்ந்தார். "இவனுங்க என்னமோ கலக்கியிருக்கும்!"

தாசம்மாள் கருகிய காரைப் பார்த்தாள். பின்பக்கம் தீ தொடவில்லை. டாங்க் மூடியில் பூட்டு அப்படியே தொங்கியது.

"எப்படிக் கலக்குவோம்? பூட்டு நீங்க போட்டது. தாக்கோல் உங்க இடுப்புல. தொறங்க, உள்ள உள்ளதை சார் மோந்து பாக்கட்டு."

ரெஜியின் கை இடுப்பை மூடிக்கொண்டது. அதிகாரி அதைப் பார்த்தார். "மேலிடத்துல சொல்றேன்" என்று முனகிவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

"சாவியை வச்சிட்டு எறங்குடீ!"

அவள் தன் வண்டிச் சாவியை மேசையில் வைத்தாள். அதன்மேல் சிவதாணுவின் சாவி விழுந்தது. பிறகு இன்னொரு டிரைவர் ராகேஷுடையது. பிறகு மற்ற இரண்டும்.

ரெஜி பழைய இரும்புக் கடைக்குப் போன் போட்டார். "ஒரு கரிக்கட்டை உண்டு. இப்பவே வந்து எடு!"

தாசம்மாள் கருகிய காரின் ஜன்னல் வழியே கை நுழைத்து ஸ்டியரிங்கைப் பிடித்தாள்.

"இந்தப் பூட்டும் உள்ள உள்ளதுந்தான் நமக்குச் சாட்சி. லேபர் ஆபீஸுக்கு ஏத்தம் உண்டா அண்ணே?"

"நல்ல ஏத்தம் தங்கச்சி."

"நமக்குத் தள்ளிப் பழக்கந்தானே."

எட்டுக் கைகள் மறுபடி அழுந்தின. ஷைஜு கைகளை உயர்த்திக்கொண்டு தோளைக் கொடுத்தான்.

"போலீசை விளிப்பேன்!"

"விளியுங்க மொதலாளி. வரும்போது தாக்கோலையும் கொண்டு வாங்க."

வாசலில் மழைக்கு ஒதுங்கி நின்ற ஆட்டோக்காரர்களில் இரண்டு பேர் கேட்காமலே வந்து கை கொடுத்தார்கள். மழை விடவில்லை. இந்த முறை வண்டி கிளம்ப வேண்டியதில்லை, நகர்ந்தால் போதும்.

நகர்ந்தது.